சாவி யார் கையில்?

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையில் ஏறி இறங்கினால் கோலா கிளாவாங். ஜெலுபு மாவட்டத்தின் தலைமைப் பட்டணம் அது. முதலில் ஈயத்துக்காகவும் பிறகு ரப்பருக்காகவும் ஆட்கள் வந்து இறங்கிய வட்டாரம். இன்று வெளியூர்க்காரர்கள் அங்கே தேடிப் போவது அடாட் அருங்காட்சியகத்தை. நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பாத்தே மரபில் குலச் சொத்து பெண் வழியாக இறங்குகிறது. தனி ஒருவர் தன் இஷ்டத்துக்கு அதை விற்றுவிட முடியாது. மாநிலத்தின் ஆட்சியாளரைக்கூடச் சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் என்ற நான்கு பகுதிகளின் உண்டாங் தலைவர்கள் கூடித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா அதிகாரமும் ஒரே கையில் சேரக் கூடாது என்ற எண்ணம் அந்த மண்ணில் பழையது.

அந்தக் காலத்துத் தோட்டத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. ரப்பர் தோட்டத்து ஆபீசில் இரும்புப் பெட்டியின் சாவி துரையிடம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு கிராணியிடம். பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் யார் வந்தார், யார் வரவில்லை என்பது அந்தப் பெரிய ஏட்டில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் அதை வைத்துத்தான். ஏட்டில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் படிக்கவும் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு வழியில்லை. அவர்கள் பங்குக்குக் கட்டைவிரல் மட்டும். தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை மலாயாவில் 1910-இல் நின்றது. கங்காணி முறை அதற்குப் பிறகும் ஓடியது. இரண்டிலுமே தொழிலாளியைப் பற்றிய எழுத்து தொழிலாளியின் கையில் இல்லை.

இன்று அதே ஆபீஸ் மேசையில் கணினி இருக்கிறது. அடையாள அட்டை எண், சேமநிதிக் கணக்கு, சொக்சோ சமூகப் பாதுகாப்பு விவரம், வங்கிக் கணக்கு, சம்பளம், கடன் எல்லாம் அதற்குள். ஒரே கணினியைப் பெரிய கிராணி, சின்னக் கிராணி, நிர்வாகி என்று பலர் பங்கு போட்டுக்கொள்வது எந்தச் சிறிய ஆபீசிலும் நடப்பதுதான். ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்காதபடி ஒவ்வொருவர் கணக்குக்கும் தனி மறைகுறிச் சாவி இருக்க வேண்டும். அந்தச் சாவியை யார் வைத்திருப்பது? தொலைந்தால் யார் திறப்பது? இந்த இரண்டு கேள்விகளும் கணினியைவிட வயதில் மூத்தவை. ரப்பர் வியாபாரமே அவற்றைத் தந்திக் காலத்தில் சந்தித்திருக்கிறது.

சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி 1871-இல் வேலை செய்யத் தொடங்கியது. அதன்பின் மலாயாவின் விலையும் சரக்கும் லண்டனோடு வார்த்தை வார்த்தையாகப் பேசின. வார்த்தைக்கு வார்த்தை காசு. அதனால் வியாபாரிகள் கோட் புத்தகங்களை வாங்கினார்கள். வில்லியம் கிளாசன்-தூ 1870-களில் வெளியிட்ட ஏ.பி.சி. கோட் அவற்றில் பெயர் பெற்றது. நீண்ட வாக்கியம் ஒன்றுக்கு ஒரே சொல் குறியாக நிற்கும். பெறுபவர் தன் புத்தகத்தைப் புரட்டி வாக்கியத்தை மீட்டுக்கொள்வார். 1903-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுத் தந்தி மாநாடு, உச்சரிக்க வரும் எந்த எழுத்துச் சேர்க்கையும் பத்து எழுத்துக்குள் இருந்தால் ஒரு சொல்லாகக் கணக்கிடப்படும் என்று விதித்தது. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் இ. எல். பென்ட்லி. 1906-இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒவ்வொரு குறிச்சொல்லும் ஐந்தெழுத்து. இரண்டை ஒட்டினால் பத்து. ஒரு சொல்லின் காசில் இரண்டு வாக்கியம் போயிற்று. மலாயாவில் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தச் சிக்கனம் சிறிய விஷயமில்லை.

இந்தப் புத்தகங்கள் காசை மிச்சப்படுத்தின. இரகசியத்தைக் காக்கவில்லை. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய புத்தகத்தை வைத்து யார் தந்தியையும் யாரும் படிக்கலாம். விலையைப் போட்டிக்காரருக்குக் காட்ட விரும்பாத கம்பெனிகள் தமக்கென்று தனிக் கோட் அச்சடித்துக்கொண்டன. அல்லது பொதுப் புத்தகத்தின் சொற்களைத் தாங்கள் மட்டும் அறிந்த ஒரு கணக்குப்படி இடம் மாற்றி அனுப்பின. இந்த இரண்டாவது வழியைக் கவனிக்க வேண்டும். புத்தகம் எல்லோருக்கும் தெரியும், இடம் மாற்றும் எண் மட்டும் இருவருக்குத்தான் தெரியும். பூட்டு பொது, சாவி தனி. இன்றைய கணினி மறைகுறி முறை முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாதவரை பயமில்லை என்று டச்சுக்காரரான அகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் 1883-இலேயே எழுதிவிட்டார்.

சாவி தனியாக இருந்தாலும் எல்லாச் சாவியும் ஒரே மூட்டையில் பயணம் செய்தால் என்ன ஆகும்? அதற்கு விடை மலாயாவுக்குப் பக்கத்துக் கடலிலேயே கிடைத்தது. 1940 நவம்பர் 11. பினாங்கு, சிங்கப்பூர் வழியாகக் கிழக்கே போகவிருந்த ஆட்டோமீடன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைச் சுமத்ராவுக்கு மேற்கே அட்லாண்டிஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மடக்கியது. முதல் குண்டுகளிலேயே கப்பல் தலைவரும் அதிகாரிகளும் விழுந்தார்கள். ஆபத்து என்றால் இரகசியத் தாள்களைக் கடலில் எறிய வேண்டியவர்கள் அவர்கள்தான். எறிய ஆள் இல்லை. சிங்கப்பூர்த் தளபதிக்குப் போன போர் அமைச்சரவையின் அறிக்கையோடு, கப்பற்படையின் மறைகுறி அட்டவணைகளும் மூட்டை மூட்டையாக ஜெர்மானியர் கையில் சிக்கின. அறிக்கையின் நகல் டோக்கியோவுக்குப் போனது. அட்லாண்டிஸின் தலைவர் ரோகேவுக்கு ஜப்பான் பிற்பாடு சாமுராய் வாள் பரிசளித்துக் கௌரவித்தது. ஒரு கப்பல் விழுந்ததில் ஒரு படையின் பல வாய்கள் திறந்துவிட்டன.

ஐரோப்பாவில் பாடம் இன்னும் கொடியது. பிரிட்டனின் எஸ்.ஓ.இ. உளவமைப்பு, எதிரி மண்ணில் இறக்கிய தன் ஆட்களுக்கு ஆளுக்கொரு கவிதையை மனப்பாடமாகக் கொடுத்து, அதன் சொற்களிலிருந்து சாவி செய்யச் சொன்னது. ஒரே கவிதை திரும்பத் திரும்ப. ஆளைப் பிடித்து வதைத்தால் கவிதை வெளியே வரும். கவிதை வந்தால் அவர் இதுவரை அனுப்பிய செய்தி அத்தனையும் வரும். 1942 மார்ச்சில் ஹாலந்தில் ஹூப் லவர்ஸ் என்ற வானொலியாளர் பிடிபட்டார். தான் எதிரியின் பிடியில் இருப்பதை உணர்த்த, செய்தியில் வைக்க வேண்டிய அடையாளத்தை அவர் வேண்டுமென்றே விட்டார். லண்டன் அதைக் கவனிக்கவில்லை. தொடர்ந்து அனுப்பப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நேராக ஜெர்மானியர் கையில் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை.

அந்த அமைப்பின் மறைகுறிப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் லியோ மார்க்ஸ், இருபத்திரண்டு வயது இளைஞர். கவிதையை ஒழித்தே தீர வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். பட்டுத் துணியில் அச்சடித்த சாவிகளைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு துணி, செய்திக்கு ஒரு சாவி. பயன்படுத்தியதும் அந்த வரியை வெட்டி எரித்துவிட வேண்டும். மனப்பாடம் இல்லாததால் வதைத்தாலும் பழைய சாவி வராது. ஒருவர் சிக்கினால் அவரோடு நின்றுபோகும், அடுத்தவர் பிழைப்பார். ஆளுக்கொரு சாவி என்பதை வெறும் வசதியாகப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கு விலையாகப் போன உயிர்களை நினைத்தால் அப்படிப் பார்க்கத் தோன்றாது.

கணினிக்கு இந்தப் பாடம் தானாகத் தெரியவில்லை. முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961-இல் செய்து காட்டியது. ஆளுக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு கடவுச்சொல். எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், மறைக்காமல், எழுதியது எழுதியபடி. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், அந்தக் கோப்பையே அச்சடித்து எடுத்துப் பிறர் கணக்கில் வேலை செய்தார். 1966-இல் நடந்தது அதைவிடப் பெரிது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்த, அன்றைய வரவேற்புச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் கடவுச்சொல் கோப்பு போய் உட்கார்ந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவர் முன்னாலும் எல்லோருடைய கடவுச்சொல்லும் ஓடியது.

கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் போன்றவர்கள் கண்ட வழி எளிது, அழகானது. கடவுச்சொல்லைச் சேமிக்கவே வேண்டாம். அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, திரும்பப் பிரிக்க முடியாத விடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1979-இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸ் கணினிக்காக இதை மேலும் இறுக்கினார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தற்செயலான ஒரு சிறு எண்ணைச் சேர்த்து அரைத்தார்கள். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் விடை வேறாக இருக்கும்.

ஆனால் இதுவரை பூட்டியது வாசலைத்தான். உள்ளே இருக்கும் பெட்டிகள் திறந்தே கிடந்தன. வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் போதும், எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல் கோப்புகள் வந்துவிடும். மேசைக் கணினி போய் மடிக்கணினி வந்த காலத்தில், திருட்டு என்றால் இயந்திரம் மட்டும் போவதில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. பெல் ஆய்வகத்தின் மாட் பிளேஸ் 1993-இல் கோப்புகளையே மறைகுறியாக்கி வைக்கும் சி.எஃப்.எஸ். முறையை யூனிக்ஸுக்கு எழுதினார். பெருவாரியான மக்களின் மேசைக்கு அந்தக் கருத்தைக் கொண்டுவந்தது 2000-இல் வெளியான விண்டோஸ் 2000. அதற்குள் இருந்த ஏற்பாட்டின் பெயர் ஈ.எஃப்.எஸ்.

அதன் உள்ளமைப்பைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. இன்றைய முறைகள் பலவும் அதன் உறவினர்கள்தான். ஒரு கோப்பைப் பூட்டச் சொன்னால், அந்தக் கோப்புக்கென்றே ஒரு சாவி அப்போது உருவாகிறது. கோப்பு அதனால் பூட்டப்படுகிறது. பிறகு அந்தச் சாவியே பயனரின் பொதுச் சாவியால் பூட்டப்பட்டுக் கோப்பின் தலையில் ஒட்டப்படுகிறது. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்ற இந்த அதிசயத்தை டிஃபி, ஹெல்மன் இருவரும் 1976-இல் அறிவித்தார்கள். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று கிராணிகள் ஒரே கோப்பைத் திறக்க வேண்டுமானால் கோப்பை மூன்று முறை பூட்ட வேண்டியதில்லை. கோப்புச் சாவியின் மூன்று பிரதிகளை, மூவரின் பொதுச் சாவியாலும் பூட்டி ஒட்டினால் போதும். ஒருவர் வேலையை விட்டால் அவர் பிரதியை எடுத்துவிடலாம். யாரும் தன் கடவுச்சொல்லை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டாம்.

மீட்பு ஏற்பாடும் அதில் இருந்தது. பயனரின் பிரதியோடு, மீட்பு அதிகாரி ஒருவரின் பெயரிலும் ஒரு பிரதி. தனிக் கணினியில் அந்த அதிகாரி, நிர்வாகிக் கணக்கு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மீட்புச் சாவியும் அதே வட்டில்தான் கிடந்தது. வட்டைக் கைப்பற்றியவர் நிர்வாகியின் கடவுச்சொல்லை வெளியிலிருந்து மாற்றி உள்ளே போனால் எல்லோருடைய கோப்பும் அவர் காலடியில். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்த ஓட்டையை அடைத்தது. மீட்பு அதிகாரி கட்டாயமில்லை என்றாயிற்று; பயனரின் தனிச் சாவி அவருடைய கடவுச்சொல்லோடு இறுக்கமாகக் கட்டப்பட்டது.

அடைத்த இடத்தில் வேறொரு துயரம் முளைத்தது. பயனர் தானே கடவுச்சொல்லை மாற்றினால் சாவியும் கூடவே வரும். மறந்துவிட்டதால் நிர்வாகியை மாற்றித் தரச் சொன்னால், கணக்கு திறக்கும், கோப்பு திறக்காது. விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் அதே கதி. பெயரும் கடவுச்சொல்லும் பழையதேயானாலும் சாவி புதிது. கோப்பின் பெயர் திரையில் தெரியும், சொடுக்கினால் அனுமதி மறுப்பு. சான்றிதழையும் தனிச் சாவியையும் முன்பே வெளியே எடுத்து வைக்காதவர்களின் பல வருட உழைப்பு இப்படிப் போயிருக்கிறது. திருடனுக்கு எதிராகப் போட்ட பூட்டு உரிமையாளருக்கு எதிராக நின்றது. குற்றம் பூட்டில் இல்லை. மாற்றுச் சாவியைப் பற்றி முதல் நாளே பயனரிடம் பேசாத நிர்வாகத்தில் இருக்கிறது.

மாற்றுச் சாவியை அரசாங்கமே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன காலமும் உண்டு. 1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு கிளிப்பர் என்ற மறைகுறிச் சில்லை அறிவித்தது; அதன் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பிரதி அரசுக் காவலில் இருக்கும். மறு ஆண்டே அந்தக் காவல் ஏற்பாட்டை ஏமாற்றும் வழியை ஒருவர் கண்டுபிடித்து எழுதினார். சி.எஃப்.எஸ். எழுதிய அதே மாட் பிளேஸ். கிளிப்பர் சில ஆண்டுகளில் மறைந்தது. ஒருவரிடமே எல்லா மாற்றுச் சாவியும் குவிவது துரையின் இரும்புப் பெட்டியைத் திரும்பக் கட்டுவதற்குச் சமம். அதை எந்த நல்ல பெயரில் செய்தாலும் ஏற்பதற்கில்லை.

இதற்கு நடு வழி இருக்கிறது. சென்னை மாகாணக் கருவூலங்களில் பண அறைக்கு இரட்டைப் பூட்டு போடுவார்கள். ஒரு சாவி கருவூல அதிகாரியிடம், மற்றது பொக்கிஷதாரிடம். ஒருவர் மட்டும் வந்தால் கதவு திறக்காது. இதையே கணிதமாக்கியவர் மேலே சொன்ன மூவரில் ஒருவரான ஆதி ஷமிர். ஓர் இரகசியத்தை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுத்து, எந்த மூவர் கூடினாலும் திறக்கலாம், இருவரால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று அமைக்கும் வழியை 1979-இல் வெளியிட்டார். நான்கு உண்டாங்குகள் கூடி ஆட்சியாளரைத் தேர்வதைப் பார்த்துப் பழகிய ஜெலுபுக்காரர்களுக்கு இந்தக் கணக்கின் நியாயத்தை விளக்க அதிக நேரம் ஆகாது.

பிற்கால முறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 2004-இல் கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் லினக்ஸுக்குத் தந்த லக்ஸ் ஏற்பாட்டில் ஒரே வட்டுக்கு எட்டுச் சாவித் துளைகள். ஒவ்வொருவரும் தன் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளலாம், ஒன்றை நீக்கினால் மற்றவை கெடாது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 கோப்புக்குக் கோப்பு பூட்டும் வழிக்கு வந்தது. ஒரே பலகைக் கணினியைத் தாயும் மகளும் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்தினால் இருவர் கோப்புகளும் வெவ்வேறு சாவியில் கிடக்கும்.

தமிழ் எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களில் முரசு அஞ்சலை உருவாக்கிய காலத்திலிருந்து இந்த நாட்டில் தமிழ் கணினியில் ஓடுகிறது. கடவுத்தொடரையும் தமிழிலேயே வைக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரும், கொம்பு தனி, கால் தனி என்று இரு குறியாகவும் வரும். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. சாவியைக் கணக்கிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாவிட்டால், ஒரு விசைப்பலகையில் போட்ட பூட்டு இன்னொன்றில் திறக்காமல் போகலாம். வட்டு மறைகுறிக்கு அடிப்படை ஆங்கில எழுத்துகளும் எண்களுமே பத்திரம் என்று லக்ஸைப் பராமரிப்பவர்கள் சொல்வது இதுபோன்ற சிக்கல்களால்தான். தமிழ்த் தொடர்தான் வேண்டுமென்றால் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் இல்லாத சொற்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

கைரேகையைச் சாவியாக்கும் பழக்கத்துக்கும் இந்த நாட்டில் வரலாறு உண்டு. 1948-இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது; படமும் பெருவிரல் ரேகையும் அதில் பதிந்தன. 2001-இல் வந்த மைகாட் அந்த ரேகையைச் சில்லுக்குள் வைத்தது. மின் கையெழுத்துச் சாவியைத் தாங்கவும் அந்த அட்டையில் இடம் உண்டு. அதற்கான சட்டத்தை மலேசியா 1997-லேயே இயற்றிவிட்டது. ரேகை, ஆள் யார் என்று சொல்லும். சாவியின் வேலையை அதனிடம் முழுவதுமாக ஒப்படைப்பது தவறு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது.

சட்டமும் இப்போது தொழிலாளி பக்கம் நிற்கிறது. 2010-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024-இல் அது திருத்தப்பட்டு, தரவு கசிந்தால் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. செக்ரோலில் இருந்த பெயர்களுக்கு இல்லாத பாதுகாப்பு, கணினியில் இருக்கும் பெயர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை மெய்யாக்க வேண்டியது ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள்.

கோலா கிளாவாங் வட்டாரத்திலோ வேறெந்தத் தோட்டத்திலோ சம்பளக் கணினியைக் கையாளும் கிராணிமார்கள் இந்த வாரமே மூன்று காரியம் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒரே கணக்கு இருந்தால் அதை மூடி, ஆளுக்கொரு கணக்கு திறக்க வேண்டும். கோப்புகளை விண்டோஸின் ஈ.எஃப்.எஸ். முறையில் பூட்டியிருந்தால், சான்றிதழைத் தனிச் சாவியோடு ஒரு நினைவுக்குச்சிக்கு ஏற்றுமதி செய்து, அதற்கு வேறு கடவுச்சொல் போட்டு, கணினி இருக்கும் அறைக்கு வெளியே பூட்டிவைக்க வேண்டும். அந்தக் குச்சியையும் அதன் கடவுச்சொல்லையும் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது. ஒன்று நிர்வாகியிடம், மற்றது பெரிய கிராணியிடம் இருக்கட்டும்.